நக்கவாரத்துத் தாழைக் களி

தாழை என்றதும் நம் நினைவில் எழுவது அதன் பூவேயாகும். அன்னையர் தம் மகளிரின் சடையில் தாழை மடலை வைத்துப் பின்னியதையும், பட்டுப் புடவைகள் இருக்கும் பெட்டியில் ஒரு மடலை இட்டு வைத்ததையும் நாம் அறிவோம். திருவண்ணாமலையில் ஈசனின் முடியைக் கண்டதாகப் பொய்ச்சான்று பகர்ந்து, அதனால் பூசைக்கு ஆகாததாயிற்று என்னும் கதையையும் கேட்டிருக்கிறோம். ஆயின், தாழைக்குக் கனி உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? மணம் வீசும் மடல் ஆண் தாழையில் தோன்றுவது. பெண் தாழையில் அன்னாசியை ஒத்த ஒரு கனி தொங்கும். நம் கடற்கரைகளில் அதனை ஏறெடுத்துப் பார்ப்பவர் அரியர். வங்கக் கடலுக்கு அப்பாலோ, ஒரு மக்கட் கூட்டம் தாழைக் கனியையே சோறாகக் கொண்டு பன்னெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கிறது. அம்மக்களைப் பற்றியும், அவ்வுணவை ஆக்கும் அறிவு முதியோரிடமிருந்து இளையோரைச் சென்று சேர்வதில் நேர்ந்துள்ள இடரைப் பற்றியும் இங்கே சிறிது கூற விரும்புகிறோம்.

நிக்கோபார்த் தீவுகள் தமிழருக்குப் புதியன அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவற்றை மாநக்கவாரம் எனக் குறிக்கின்றது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரை அடைந்து, அங்கிருந்து மேலும் தெற்கே பத்துப் பாகைக் கால்வாயைத் தாண்டினால் கார் நிக்கோபார் தென்படும். அதற்கப்பால் சௌரா, தெரேசா, கமோர்ட்டா, நன்கௌரி, கச்சால் எனத் தீவுகள் தொடர்ந்து, இறுதியில் பெரிய நிக்கோபார் அமைந்துள்ளது. பழங்குடியினரைக் காக்கும் பொருட்டு 1956-இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதியின்படி, வெளியார் இத்தீவுகளிற் பெரும்பாலானவற்றுக்கு உரிய அனுமதிச் சீட்டின்றிச் செல்லலாகாது. எனினும் கச்சாலில் நம்மவர் சிலர் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையை அடுத்து இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில அங்குள்ள ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஆகவே நக்கவாரத்தாரைப் பற்றிப் பேசுவது ஒருவகையில் நம் அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசுவதேயாகும்.

அரசாங்கத் தாள்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதே எமது தொழில். அதில் ஒரு வேடிக்கை உண்டு. நக்கவாரத்தாரின் இக்கனியை அகராதியைக் கொண்டு மொழிபெயர்க்கப் புகுந்தால் இந்தியில் கேவடா என்று வரும். தமிழில் தாழை என்று வரும். படிப்பவர் உடனே நறுமணத்தை நினைப்பாரேயன்றி ஒருபோதும் பசியை நினையார். உண்மையில் அங்குள்ளது வேறோர் இனத் தாழை. தாவரவியலார் அதற்கு இட்ட பெயரில் உள்ள 'லேரம்' என்னும் சொல், தீவு மக்களின் மொழியிலிருந்தே பெறப்பட்டது. 1778-இல் இத்தீவுகளுக்கு வந்த ஓர் ஆஸ்திரியக் கப்பலின் மருத்துவரான நிக்கோலாஸ் ஃபோன்டானா என்பவர், இக்கனியைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையை 1792-இல் கல்கத்தாவில் வெளியான ஆசிய ஆராய்ச்சித் தொகுதியில் பதிப்பித்தார். போர்த்துகீசியர் வழங்கிய பெயரைப் பின்பற்றி அவர் அதனை 'மெல்லோரி' என்கிறார். கடலோடிகளுக்கு அது வியப்பாக இருந்ததில் வியப்பில்லை. நெல்லோ கோதுமையோ விளையாத ஒரு நாட்டில், மரத்தில் அப்பம் காய்த்துத் தொங்குவதை அவர்கள் கண்டார்கள்.

அக்கனி எளிதில் உணவாகிவிடுவதன்று. நன்கு பருத்த பலாக்காயைப் போன்ற அதன் உருண்டையைப் பிரித்தால், ஆப்பு வடிவான பல துண்டுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கக் காணலாம். ஒவ்வொரு துண்டின் அடிப்பகுதியிலும் சிறிது சதை இருக்கும். அச்சதை முழுவதும் நார் ஊடுருவி நிற்கும். துண்டுகளைப் பெரிய பானையில் இட்டு, சிறிதளவு நீர் வார்த்து, இலைகளால் மூடி, மணிக்கணக்கில் அவிக்க வேண்டும். வெந்த துண்டு ஒவ்வொன்றையும் கையிலெடுத்துச் சிப்பியின் விளிம்பால் சதையைச் சுரண்டுவர். சுரண்டிய விழுதில் நார் கலந்திருக்கும். அதனைப் பொறுமையுடன் நீக்குதல் வேண்டும். நார் அகன்ற மஞ்சள் விழுதைப் பிசைந்து பெரிய கட்டியாக உருட்டி இலையில் பொதிந்து வைத்தால் சில நாட்களுக்குக் கெடாது. நம் கேழ்வரகுக் களியை அறிந்தவர்கள் அதனை ஒருவாறு கற்பனை செய்துகொள்ளலாம்; ஆனால் இதில் இயல்பாகவே சிறிது இனிப்பு உண்டு. மீன், பன்றியிறைச்சி, துருவிய தேங்காய் ஆகியவற்றோடு உண்பர். அன்றாட வேலையாகப் பெரும்பாலும் மகளிரே இதனைச் செய்வர். விழாக் காலங்களில் குடும்பம் முழுவதும் கூடி அமர்ந்து செய்யும்.

பானையைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். நக்கவாரத்தில் மட்பாண்டம் வனையும் உரிமை சௌரா என்னும் சிறு தீவுக்கே உரியதாக இருந்தது. வியப்பு யாதெனில், சௌராவில் அதற்கேற்ற களிமண் கிடையாது. அண்டையிலுள்ள தெரேசாவிலிருந்து படகில் மண் கொணர்ந்து, சக்கரமின்றிக் கையாலேயே சௌராப் பெண்கள் பானை செய்தனர். மண்ணுடைய தீவினர் பானை செய்யலாகாது. மண்ணில்லாத தீவினரே செய்யலாம் என்பது மரபு! மற்றத் தீவினர் ஆண்டுதோறும் படகேறிச் சென்று அவற்றைப் பெற்று வந்தனர். ஆக, ஒரு கட்டி தாழைக் களிக்குப் பின்னால் ஒரு தீவின் மண்ணும், மற்றொரு தீவின் கையும், மூன்றாம் தீவின் மரமும், இவற்றை இணைக்கும் படகோட்டியின் திறமும் இருந்தன. அலுமினியப் பாத்திரங்கள் வந்தபின் அச்சங்கிலியில் முதற்கண்ணி தளர்ந்தது. பானைக்காகச் செய்த பயணம் குறையவே, எக்காற்றில் எவ்வழி செல்வது என்று தந்தையிடம் மகன் கேட்டறியும் வாய்ப்பும் உடன் குறைந்தது.

உணவறிவு என்பது சுவையைப் பற்றிய செய்தி மட்டுமன்று; நஞ்சைப் பற்றிய செய்தியுமாகும். மலையாளத்தார் ஈந்து என வழங்கும் மரத்தின் கொட்டை நச்சுத் தன்மையுடையது. அதனை நறுக்கி, நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருந்து, உலர்த்திய பின்னரே மாவாக்குவர். மலபாரில் இன்றும் அம்மாவில் புட்டு அவிக்கின்றனர். அதே இனத்தைச் சேர்ந்த மரத்தின் கொட்டை நக்கவாரத்திலும் உணவாகப் பயன்பட்டு வந்தது. எத்தனை நாள் ஊறவேண்டும், எப்போது நஞ்சு நீங்கிற்று என்பதை அறியாதவன் அம்மரத்தடியில் பட்டினி கிடக்கலாம். உண்டு நோயுறவும் செய்யலாம்.

இதனை எம் இல்லத்திலேயே சிறிய அளவில் பட்டறிந்தோம். போர்ட் பிளேயர்ச் சந்தையில் வங்காளிகள் ஓல் என விற்கும் கிழங்கைக் கண்டு, ஊர் நினைவு மேலிட, கருணைக்கிழங்கென மகிழ்ந்து வாங்கி வந்து, நாமே சமைக்கத் துணிந்தோம். அன்றிரவு வீட்டில் ஒருவரும் பேசவில்லை. தொண்டை அரிப்பு அத்தகையதாக இருந்தது. மறுநாள் எம் அன்னையாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, "புதுக்கிழங்கையா வேகவைத்தாய்? சில நாள் கிடந்து வாட வேண்டாமா? அரிசி கழுவிய நீர் எங்கே? புளி எங்கே?" என்று அடுக்கினார். எத்தனை நாள், எவ்வளவு புளி என்று கேட்டோம். அவருக்கு அளவு தெரியவில்லை. கிழங்கைத் தொட்டுப் பார்த்தால் தெரியும் என்றார். இருபது ஆண்டுகள் அவரது அடுக்களையில் உண்டு வளர்ந்த நாம் ஒருநாளும் அக்கிழங்கைத் தொட்டுப் பார்த்ததில்லை. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் அன்பர்களிற் பலருக்கும் இத்தகைய இரவு ஒன்று வாய்த்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.

உலகின் வேறொரு கோடியில் இதைவிடக் கொடிய சான்று ஒன்றுண்டு. வடதுருவத்தை அடுத்து வாழும் இனூயிட் மக்களும் அலாஸ்காவின் பிற பழங்குடியினரும் மீனையும் கடல் விலங்கின் இறைச்சியையும் புளிக்கவைத்து உண்பது தொன்றுதொட்ட வழக்கம். புல் பரப்பிய குழியிலோ மரப்பாத்திரத்திலோ குளிரில் வைத்துப் புளிக்கச் செய்வது முன்னோர் முறை. பிற்காலத்தில் சிலர் வசதி கருதிப் பிளாஸ்டிக் பைகளிலும் மூடியிட்ட வாளிகளிலும் வைத்து, வெதுவெதுப்பான இடத்தில் விரைவாகப் புளிக்க விட்டனர். காற்றுப் புகாத அக்கலங்களில் கொடிய நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகி உயிர்களைப் பறித்தது. உணவு பழையதே, கலமும் இடமுமே மாறின. முதியோர் ஏன் குழியைத் தேர்ந்தனர் என்பதைக் கேட்டறியாமல், குழியை மட்டும் விலக்கியதன் விளைவு அது. கானடாவில் 1999-இல் தனி ஆட்சிப் பகுதியாக அமைந்த நூனாவுட், இனூயிட் முதியோரின் அறிவை அரசாட்சிக்கும் கல்விக்கும் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டிருப்பதும், முதியோர் இளைஞரைப் பனிவெளிக்கு அழைத்துச் சென்று வேட்டையும் இறைச்சி அறுக்கும் முறையும் கற்பிப்பதும் இக்காரணம் பற்றியே எனலாம். வகுப்பறைக் கரும்பலகையில் சீல் விலங்கை அறுக்க இயலாதன்றோ!

மீண்டும் நக்கவாரத்துக்கு வருவோம். அங்கு இவ்வறிவைக் கற்பிக்கப் பள்ளி ஏதும் இருந்ததில்லை. கார் நிக்கோபாரில் துஹெட் எனப்படும் கூட்டுக்குடும்பமே பள்ளியாக இருந்தது. நிலமும் தென்னையும் தாழையும் பன்றியும் அக்குடும்பத்தின் பொதுச் சொத்து. தூண்களின்மேல் எழுப்பிய குடில்களைச் சுற்றி மூன்று தலைமுறையினர் ஒருங்கே வாழ்ந்தனர். பாட்டி சிப்பியால் சுரண்டும்போது பேத்தி அருகே அமர்ந்திருப்பாள். முதலில் நாரைப் பொறுக்குவாள். பின்னர் ஒரு சிப்பி அவள் கைக்கும் வரும். மாண்டோரின் எலும்பை எடுத்து மரியாதை செய்யும் பெருவிழா சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும். அதற்கெனப் பன்றிகளைத் தேங்காய் ஊட்டி வளர்ப்பர். எந்தப் பங்கு எவருக்கு உரியது, எத்தனை பானை தாழை வேண்டும் என்னும் கணக்கெல்லாம் விழா நடக்கும்போதே இளைஞர் காதில் விழும். விழா நடவாவிடில் பாடமும் நடவாது.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் காலையில் நிகழ்ந்ததை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் உற்றாரை இழந்த தமிழர் அதனை மறவார். ஆயினும் நக்கவாரம் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அலை வருமுன்பே நிலம் தாழ்ந்தது. இந்திய நாட்டின் தென்கோடியாகிய இந்திரா முனையில் கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் அமிழ்ந்தது. டிரிங்கெட் தீவு துண்டுபட்டது. சௌராத் தீவினர் தம் தீவைவிட்டுத் தெரேசாவில் தங்க நேர்ந்தது. நிக்கோபார் மாவட்டத்தின் மக்கட்தொகை 2001-இல் 42,068-ஆக இருந்தது. 2011-இல் 36,842-ஆகக் குறைந்தது. நாட்டின் மொத்த மக்கட்தொகை பெருகிய பத்தாண்டில் இங்கு இவ்வாறு நேர்ந்தது.

ஊர்கள் கடலோரத்தில் இருந்தன. தென்னையும் தாழையும் அங்கேயே இருந்தன. பன்றிகளும் அங்கேயே இருந்தன. ஒரு காலைப் பொழுதில் அனைத்தும் போயின. அலையில் மாண்டவர்களுள் முதியோரும் இருந்தனர் என்பதைத் தனியே கூற வேண்டுமோ?

அரசும் தொண்டு நிறுவனங்களும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கப்பல் கப்பலாகக் கொண்டு சேர்த்தன. அவ்வரிசி உயிர் காத்தது என்பதில் ஐயமில்லை. அதனைக் குறை கூறுவார் நன்றியற்றவராவர். மேலும், அரிசி அன்றுதான் நக்கவாரத்துக்கு வந்தது என எண்ணுவதும் பிழை. கொப்பரைக்கு மாற்றாக வணிகர்கள் அரிசியும் துணியும் நெடுங்காலமாகவே தந்து வந்தனர். சோறு உண்ணும் வழக்கம் அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது. வேறுபாடு ஒன்றே. முன்னர்த் தாழை ஒரு வேளைக்கும் சோறு ஒரு வேளைக்கும் இருந்தன. பின்னர்த் தாழையே இல்லை.

இங்குதான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும். நாட்டுத் தென்னை நட்டுக் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். தாழையும் நட்ட மறு ஆண்டிலேயே கனி தருவதன்று. உப்பு நீர் புகுந்த மண் தேறவும் காலம் வேண்டும். 2004-இல் ஆறு வயதுக் குழந்தையாக இருந்தவளைக் கருதுவோம். அவள் பாட்டியருகே அமர்ந்து நார் பொறுக்கியிருக்க வேண்டிய ஆண்டுகளெல்லாம் தகரக் கொட்டகையில் கழிந்தன. மரங்கள் மீண்டும் காய்க்கத் தொடங்கியபோது அவள் பள்ளியில், ஒருவேளை விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கு நாள்தோறும் சோறும் பருப்பும். படிப்பு முடிந்து வேலை தேடிப் போர்ட் பிளேயருக்கு வந்தாள். இன்று அவள் இருபத்தைந்தைக் கடந்தவள், தாயாகவும் இருக்கலாம். மரம் திரும்பி வந்துவிட்டது. அதன் கனியைக் களியாக்கும் பழக்கம் அவள் கைக்கு வரவில்லை. பாட்டியோ இப்போது இல்லை, அல்லது சிப்பியை இறுகப் பற்றும் வலிமை இல்லாதவளாக இருக்கிறாள். ஒரு தலைமுறை நடுவே விடுபட்டால், அடுத்த தலைமுறை யாரிடம் கற்கும்?

வீடுகளும் மாறின. நிவாரணத் தொகையும் புதிய வீடும் தனித்தனிக் குடும்பத்தின் பெயருக்கே வழங்கப்பட்டன. அலுவலகப் படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஓர் இடமே உண்டு. துஹெட் என்பதை எழுத அங்கு இடமில்லை. படிவங்களோடு நாள்தோறும் உறவாடும் நமக்கு இது நன்கு விளங்கும். தீய எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. படிவம் அவ்வாறு அமைந்திருந்தது, அவ்வளவே. ஆனால் நாற்பது பேருக்குத் தாழை அவித்த அடுப்பு, நால்வருக்குரிய சமையலறையில் அடங்காது. நான்கு பேருக்காக ஒரு நாள் முழுவதும் அமர்ந்து சுரண்டுவதைவிடக் குக்கரில் அரிசியை வைப்பது எளிது. அவ்வாறு செய்பவளைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. சுனாமிக்கு முன்னரே இத்தீவுகளில் ஆராய்ச்சி செய்து வந்த சிம்ரன் ஜித் சிங் என்னும் அறிஞர், உதவி வந்த முறையே அச்சமுதாயத்தின் அமைப்பைப் பெரிதும் அசைத்துவிட்டது என விரிவாக எழுதியுள்ளார்.

பெரிய நிக்கோபாரின் நிலை இன்னும் சிக்கலானது. மேற்குக் கரையிலும் தெற்கிலும் இருந்த தம் ஊர்களை அலையில் இழந்த நக்கவாரத்தார் காம்ப்பெல் வளைகுடாவை அடுத்த குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். பழைய ஊர்களுக்குத் திரும்பித் தோட்டம் போட வேண்டும் என்பது அவர்கள் இடைவிடாது எழுப்பி வரும் கோரிக்கை. இதற்கிடையே அத்தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்கும் பெருந்திட்டத்திற்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுரக் கிலோமீட்டர்க் காடு அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. உட்காட்டில் வாழும் ஷோம்பென் மக்களுக்கும் தாழையே முதன்மையான உணவு. திட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தாழைத் தோப்பை வேறோர் இடத்தில் நட்டுத் தருவதாகக் கூறலாம்; எந்தத் தோப்பு எந்தப் பருவத்தில் கனியும் என்று அக்காட்டை நோக்கியே கற்றவனுக்குப் புதிய தோப்பு அந்நியமானது என்பதை மட்டும் குறிப்பிடுவோம்.

இவ்வளவு கூறியதால் எல்லாம் அழிந்தொழிந்தது எனக் கொள்ளற்க. கார் நிக்கோபாரில் தென்னை மீண்டும் நிமிர்ந்து நிற்கிறது. பன்றிகள் மீண்டும் பெருகியுள்ளன. கிறிஸ்துமஸ் முதலிய பெருநாட்களில் தாழைக் களி இன்றும் இலையில் வைக்கப்படுகிறது. போர்ட் பிளேயரில் உள்ள மத்திய தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாழை, வள்ளிக்கிழங்கு வகைகள், நிக்கோபார்க் கோழி ஆகியவற்றை ஆராய்ந்து எழுதி வைக்கின்றனர். அது மிகவும் வேண்டுவதே. எழுத்தில் அடங்குவது எவ்வளவு என்பதை மட்டும் கிழங்கு சமைத்த நாம் சிறிது அறிவோம். வெந்த துண்டு எப்போது சுரண்டுவதற்குப் பதமாயிற்று என்பதை, 'மென்மையான பின்' என்றுதான் எம்மாலும் மொழிபெயர்க்க முடியும்.

பெருநாள் நெருங்கும்போது போர்ட் பிளேயர்த் துறையில் கார் நிக்கோபார்க் கப்பலுக்காக இளைஞர்கள் வரிசையில் நிற்பதைக் காண்கிறோம். மூட்டைகளும், பெட்டியில் அடைத்த கோழிகளும், கிடார்களும் அவர்களுடன் செல்கின்றன. இரவு கழிந்தால் ஊர். அங்குப் பானை அடுப்பில் ஏறியிருக்கும். வெந்த துண்டுகள் கூடையில் குவிந்திருக்கும். சுரண்டுவதற்கு ஆள் போதாமல் இருக்கும். பயணக் களைப்போடு வந்து சேரும் பேத்தியின் கையிலும் ஒரு சிப்பியை வைத்து, அருகில் அமரச் சொல்லும் முதியவள் சில வீடுகளில் இன்னும் இருக்கிறாள். முதற் பத்துத் துண்டுகளில் அவள் நாரையும் சேர்த்தே சுரண்டுவாள்.